சேற்றுக்குச் சட்டை கழற்றிய அத்தை

உலகம் தோன்றிய நாளிலிருந்து சேறு யாருக்கும் பயந்ததாகச் சரித்திரம் இல்லை. ராஜாக்களின் தேர்களை அது விழுங்கியிருக்கிறது. யானைகளை மண்டி போட வைத்திருக்கிறது. பெரிய பெரிய படைகளின் பீரங்கிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆட்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. அப்பேர்ப்பட்ட சேறு ஒரே ஒரு ஆளைக் கண்டால் மட்டும் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். அந்த ஆள் என் அத்தை. கடலுக்கு அடியில் இருக்கிற சேறெல்லாம் இன்னும் மேலே வராமல் பதுங்கிக் கிடப்பதற்குக் காரணம், வந்தால் அத்தை பாட்டிலில் பிடித்துக் குலுக்கிவிடுவாள் என்ற பயம்தான். இதை நான் எந்தப் புத்தகத்தின் மேலும் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். புத்தகத்தைத்தான் வீட்டில் தேட வேண்டும்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க் கிணறுகளின் தண்ணீர் நிலையம். பூமியிலிருந்து எண்ணெய் தனியாக வருவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் தெருவையே கூட்டிக்கொண்டு வருகிற சொந்தக்காரரைப் போல, கூடவே உப்புத் தண்ணீர், மணல், துரு, மெழுகு என்று ஒரு பட்டாளத்தோடு வரும். எண்ணெயை மட்டும் மரியாதையாகப் பிரித்து வேறு பக்கம் அனுப்பிவிடுவார்கள். மிச்சத் தண்ணீர் இந்த நிலையத்தின் இரும்புத் தொட்டிகளுக்கு வரும். ஒவ்வொரு தொட்டியும் எங்கள் குடியிருப்பு வீடுகளைவிட உயரம். தண்ணீர் அங்கே கொஞ்சம் நின்று தெளிந்து, மறுபடி பூமிக்குள்ளேயே இறங்கிவிடும். கூட வந்த மணலும் துருவும் போகாது. எண்ணெயைப் பூசிக்கொண்டு அடியில் படுத்து, நாளாக நாளாகக் கறுப்புச் சேறாக இறுகிவிடும். விட்டால் வெளியே போகும் குழாயையே அடைத்துவிடும்.

அந்தச் சேற்றை அள்ளுவது என் அப்பாவின் தொழில். தொட்டியை வடித்துவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் வட்ட மூடியைக் கழற்றி, முகமூடி மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, மண்வெட்டியோடு உள்ளே இறங்குவார்கள். அப்பா அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி. நிலையத்தில் அவருக்குப் பெயரே மண்வெட்டி. “மண்வெட்டி வந்தாச்சா?” என்று கேட்டால் ஆளும் வந்துவிடுவார், கருவியும் வந்துவிடும்.

வெளியே நிற்பவர் அவ்வப்போது கயிற்றை ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பதிலுக்கு ஒரு இழுப்பு இழுத்தால் ‘இருக்கேன்’ என்று அர்த்தம். போன தடவை அப்பாவிடமிருந்து பதில் வரவில்லை. சேற்றைக் கிளறியபோது அதற்குள் அடைந்து கிடந்த வாயு கிளம்பியிருக்கிறது. முகமூடியின் ஓரம் சரியாக ஒட்டவில்லை. எல்லாருமாகக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். அப்போது அந்தப் பக்கம் வந்த அத்தையும் பிடித்து இழுத்தாள். நான் எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் எதையோ இழுத்து வெளியே போட்டார்கள். மூட்டை என்று நினைத்தேன். இன்னொரு துணியையும் உதறிக் காயப்போட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, “நல்ல தூக்கம்.”

அத்தை சிரிக்கவில்லை. அவள் உள்ளங்கைகளில் கயிறு உரசித் தோல் போயிருந்தது. அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். தம்பி இனிமேல் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. என் அம்மா எனக்கு விவரம் தெரியும் முன்பே போய்விட்டாள். வீட்டில் அப்பா, அத்தை, நான், அவ்வளவுதான். ஒன்று குறைந்தால், பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்ட எனக்கே தெரிந்துவிடும்.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலையத்தில் தண்ணீருக்குள் விடுகிற ரசாயனங்களை எல்லாரும் மருந்து என்றுதான் சொல்வார்கள். துருப் பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து. நீலப் பீப்பாய்களிலிருந்து சின்ன பம்பு வழியாகக் குழாய்க்குள் அதைச் சொட்டுச் சொட்டாக விடுவதும், எந்தத் தண்ணீருக்கு எவ்வளவு என்று பாட்டிலில் சோதிப்பதும் அத்தையின் வேலை. அதனால் அவள் பெயர் மருந்தக்கா. குட்டையான உருவம். சேலைக்கு மேல் போட்ட வேலைச் சட்டையின் பையில் எப்போதும் ஒரு சொட்டுக் குழல். நடந்து வந்தால் பைக்குள் பாட்டில்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக் கிணுகிணுக்கும். தெருமுனையிலேயே அத்தை வருவது தெரிந்துவிடும் என்பதால், நான் செய்துகொண்டிருக்கும் எதையும் நிறுத்திவிட்டுப் பாடப் புத்தகத்தை எடுக்க எனக்குப் போதிய அவகாசம் இருந்தது. நான் வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருப்பதாக ஒரு நம்பிக்கை எங்கள் வீட்டில் நிலவுகிறது. அதை நான் கெடுக்க விரும்பவில்லை.

தன்னடக்கம் அத்தைக்கு ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். “இந்த நிலையத்துல தண்ணிக்கு நாடி பார்க்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்” என்று கேட்டவரிடமும் சொல்வாள், கேட்காதவரிடமும் சொல்வாள். எங்கள் சமையலறை ஜன்னல் ஓரத்தில் வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள் நிற்கும். தொட்டித் தண்ணீரைச் சேற்றோடு பிடித்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவில் மருந்து விட்டு, மூடி போட்டுக் குலுக்கி, நிற்க வைப்பாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்ப்பாள். அடியில் இருக்கும் சேறு கண்ணாடியை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் உதட்டைப் பிதுக்குவாள். சரசரவென்று மணல்போலச் சரிந்தால் பாட்டிலுக்கு ஒரு முத்தம்.

இந்தச் சாய்க்கிற பழக்கம் அவளுக்கு எல்லாவற்றிலும் உண்டு. இருமல் மருந்தைச் சாய்ப்பாள், தலைக்கு வைக்கும் எண்ணெயைச் சாய்ப்பாள், டீ டம்ளரைச் சாய்ப்பாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

“வந்தவனை எல்லாம் சாய்ச்சுப் பார்த்தேன்டி. ஒருத்தனும் தெளியலை.”

ஒருநாள் அவள் பாட்டில்களுக்கு நடுவே, அதே மாதிரி கழுவிய பாட்டிலில் ஆறிப்போன கறுப்பு டீயை ஊற்றி வைத்தேன். இது என்ன சேறு, இளகவே மாட்டேன் என்கிறதே என்று அவள் தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அத்தை வந்தாள். எடுத்தாள், சாய்த்தாள், மோந்தாள். பிறகு மூடியைத் திறந்து மடக்கென்று குடித்துவிட்டாள். பக்கத்து பாட்டிலைக் குடித்துவிட்டாள் என்று நினைத்து நான் அலறினேன்.

“சர்க்கரை கம்மி” என்றாள் அத்தை, காலி பாட்டிலை என் கையில் கொடுத்தபடி. “அடுத்த தடவை ஏமாத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் மணல் போடு, வாலு.”

அவள் என்னை வாலு என்றுதான் கூப்பிடுவாள். அதற்கு மேல் என்னிடம் உறுப்புகள் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஜன்னல் ஓரத்தில் பாட்டில்கள் பெருகின. நிலையத்துக்குப் புதிதாக ஒரு மருந்து வந்திருந்தது. சேறு கட்டாமல் இளக்குகிற மருந்து. அது எப்படி வேலை செய்கிறது என்று அத்தையிடம் கேட்டேன்.

“மணல் ஒவ்வொண்ணும் எண்ணெயில ஒரு சட்டை தைச்சுப் போட்டிருக்கு. எண்ணெய்ச் சட்டைக்காரன் எல்லாம் ஒருத்தனை ஒருத்தன் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நகர மாட்டேங்கிறான். இந்த மருந்து போய் சட்டையைக் கழட்டிடும். எண்ணெய் மேல வந்துடும். மணல் வெறும் உடம்பா நிக்கும்.”

“அப்புறம்?”

“வெறும் உடம்பா இருக்கும்போது எவனாவது கட்டிப்பிடிப்பானா? வெக்கப்பட்டுக்கிட்டு விலகி ஓடிடும். அடி வால்வைத் திறந்தா தண்ணியோட வெளிய போயிடும்.”

அறிவியல் வாத்தியார் இப்படிச் சொல்லியிருந்தால் நான் அந்தப் பாடத்தில் தேறியிருப்பேன்.

நிலையத்தின் பொறியாளர் ஒரு பெண். அத்தையைவிட வயதில் சின்னவர், ஆனாலும் அத்தை அவரை மேடம் என்பாள், அவர் அத்தையை அக்கா என்பார். அடுத்து ஆள் இறங்க வேண்டிய தொட்டி மூன்றாம் நம்பர். அதற்கு நாள் குறித்தாகிவிட்டது. அதுவரைக்கும் அதில் இந்த மருந்தை விட்டுப் பார்க்கலாம் என்று அத்தை கேட்டாள், மேடம் சரி என்றார். நிபந்தனை ஒன்றுதான். அந்த நாளில் சேற்றை அளந்து பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் தொட்டியைத் திறக்க வேண்டாம். குறையாவிட்டால் அப்பா உள்ளே இறங்க வேண்டும்.

அத்தை அதை வீட்டில் சாப்பிடும்போது சொன்னாள்.

“மூணாம் நம்பர்ல மருந்து விடப் போறோம்டா. சேறு தானா இளகி வெளிய போயிடும்.”

“அது தானா வெளிய போச்சுன்னா நான் எங்க போறது?” என்றார் அப்பா.

“வீட்டுக்குப் போ.”

“கூடப் பொறந்தவன் பொழப்புல மண்ணள்ளிப் போடறியே அக்கா.”

“டேய், அள்ள வேணாம்னுதானே சொல்றேன்.”

“பாட்டில்ல குலுக்கறது வேற, தொட்டி வேற. அவ்வளவு பெரிய தொட்டியை யாரு குலுக்குவா? நீயா?”

“தண்ணி உள்ள வர்ற வேகமே குலுக்கும். உன் வாயை மாதிரி அதுக்கும் ஓய்வே கிடையாது.”

நான் தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, “நீ என்னடி இளிக்கிற?” என்றார்கள். எங்கள் வீட்டில் அவர்கள் இருவரும் ஒத்துப்போகிற விஷயம் அது ஒன்றுதான்.

மருந்து விட ஆரம்பித்தார்கள். முதலில் எல்லாம் அத்தை நடந்து வரும்போது பாட்டில் கிணுகிணுப்பே பாட்டு மாதிரி இருந்தது. அடி வால்வைத் திறந்தால் கறுப்பாக வருகிறதாம், மணல் வருகிறதாம். பிறகு அது குறைந்துவிட்டது. தெளிந்த தண்ணீர்தான் வந்தது. மேலே இருந்த சேறு போய், பழைய இறுகின சேறு அசையாமல் கிடக்கிறது என்றாள். குறித்த நாள் கிட்டே வந்துகொண்டிருந்தது. அப்பா சாயங்காலங்களில் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி மாற்றினார். அத்தை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

மருந்து எவ்வளவு போக வேண்டும் என்பதற்குப் பம்பில் ஒரு திருகு உண்டு. ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது, அத்தை தனியாகப் போய் அதைத் திருகிக் கூட்டிவிட்டு வந்தாள். மருந்து அதிகம் போனால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவளே அவள்தான். “துணிக்கு அளவா சோப்பு போட்டா அழுக்கு போகும், அளவுக்கு மேல போட்டா நுரைதான் மிஞ்சும்” என்பாள். அதேதான் நடந்தது. எண்ணெய் மேலே மிதக்காமல் தண்ணீரோடு கலந்து, தொட்டி முழுக்கப் பழுப்பு நிறத்தில் பால் மாதிரி ஆகிவிட்டது. அது அப்படியே வெளியே போய் அடுத்த இடத்தில் இருந்த வடிகட்டிகளை அடைத்தது. நிலையமே கொஞ்ச நேரம் நின்றுபோனது.

அங்கே நடந்ததைப் பம்பு ஓட்டுகிற சுருட்டை அண்ணன்தான் எங்கள் வாசலில் நின்று இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார். அவருக்குத் தலைமுடி சுருட்டை, நாக்கு ரொம்ப நேர்.

“யாரு திருகினது?” என்று மேடம் கேட்டாராம்.

“நான்தான்” என்றாளாம் அத்தை.

“நீங்களா? மருந்து கூடினா எண்ணெயும் தண்ணியும் பிரியாதுன்னு புதுசா வர்ற பசங்களுக்குப் பாடம் எடுக்கறதே நீங்கதானேக்கா.”

“எடுத்தேன்.”

“அப்புறம் எப்படி?”

“பாட்டிலுக்குள்ள என் தம்பி இறங்கறதில்லையே மேடம்.”

சுருட்டை அண்ணனுக்கு அதற்கு மேல் நடிக்க வரவில்லை. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு போய்விட்டார்.

அன்று அத்தை வீட்டுக்கு வந்தபோது கிணுகிணுப்புச் சத்தம் கேட்கவில்லை. பாட்டில்களை ஒன்றோடு ஒன்று இடிக்காமல் கையால் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஜன்னல் ஓரத்தில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டி, ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தாள். அப்பா அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு ஆயுளில் வராது. கடைசியில், “அந்த வடிகட்டியே ஓட்டை வடிகட்டி, அக்கா” என்றார்.

“அது புதுசுடா.”

“புதுசுலயே ஓட்டை.”

அவள் கழுவிக் கழுவி வைத்த பாட்டில்களை நான் ஒரு துண்டை எடுத்துத் துடைத்தேன். ஈரத்தோடு வைத்தால் வழுக்கி விழும், உடையும், அதை யார் பெருக்குவது? அதனால்தான் துடைத்தேன்.

மேடம் அத்தையை அந்த வேலையிலிருந்து தூக்கவில்லை. மருந்தை நிறுத்தி, தொட்டியைத் தெளிய விட்டு, முதலில் விட்டதில் பாதி அளவில் மறுபடி விடச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இறுகின சேற்றுக்குள் மருந்து நுழையவே நேரம் வேண்டும், அவசரப்படக் கூடாது, அடி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி திறக்க வேண்டும். அதை அத்தை ஒப்புக்கொண்டாள், அதோடு பம்புத் திருகுக்கு ஒரு பூட்டுப் போடச் சொல்லி, சாவியை மேடம் கையில் கொடுத்துவிட்டாள். “என்னை எனக்கே நம்பிக்கை இல்ல, நீங்களே வச்சுக்கங்க” என்றாளாம். எங்கள் அத்தையின் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்தது என்பதை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை.

குறித்த நாளை மட்டும் தள்ளிப் போட முடியாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

அந்த நாள் காலையில் அப்பா கிளம்பும்போது அவருடைய ரப்பர் பூட்ஸில் ஒன்றைக் காணவில்லை.

தொட்டிக்குள் இறங்குகிறவருக்கு முகமூடி, கயிறு, பெல்ட், பூட்ஸ் எல்லாம் இருக்கிறதா என்று மேடம் தானே தொட்டுப் பார்த்துத்தான் அனுமதி கொடுப்பார். ஒன்று இல்லாவிட்டாலும் இறங்க முடியாது. அப்பா கட்டிலுக்கு அடியில் பார்த்தார், பரணில் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னொரு பூட்ஸ் எங்கடி?”

“ஒண்ணு மட்டுமா போச்சு? பாவம், திருடனுக்கு ஒத்தைக்கால் போலிருக்கு.”

“உன்னை வந்து கவனிச்சுக்கறேன்.”

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அது அப்பாவுக்குச் சொன்னது. இதைப் படிக்கிறவர்களிடம் சொல்லவில்லை. கடைசியில் வலது காலில் பூட்ஸும் இடது காலில் செருப்புமாக அவர் கிளம்பிப் போனார். ஸ்டோரில் வேறு ஜோடி கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அத்தை அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள்.

நான் மொட்டை மாடிக்குப் போனேன். துணி காயப்போட. துணி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு கைக்குட்டை.

மூன்றாம் நம்பர் தொட்டியின் உச்சியில் அப்பா, மேடம், சுருட்டை அண்ணன் மூவரும் நின்றார்கள். கீழே அத்தை நின்றாள். அவ்வளவு தூரத்திலிருந்து பேச்சு கேட்காது. அன்று அங்கே பேசினதை அப்பா ஒரு விதமாகவும் அத்தை ஒரு விதமாகவும் சொன்னார்கள், நான் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறேன்.

சேற்றை அளக்க ஒரு நீளக் கம்பி உண்டு. அதன் அடியில் தட்டையாக ஒரு தகடு. தொட்டியின் மேல் வாய் வழியாக அதை உள்ளே இறக்குவார்கள். தகடு சேற்றில் போய் உட்கார்ந்ததும் கம்பி நின்றுவிடும். கம்பியில் ஒரு சிவப்புக் கோடு. அது தொட்டியின் வாய்க்குள் இறங்கிவிட்டால் சேறு குறைவு, ஆள் வேண்டாம். வாய்க்கு மேலேயே நின்றுவிட்டால் ஆள் இறங்க வேண்டும். அந்த நிலையத்தில் ஒரு வழக்கம், உள்ளே இறங்கப் போகிறவர்தான் கம்பியையும் பிடிப்பார். தன் உயிருக்கான அளவை வேறொருத்தர் கையில் யாரும் கொடுப்பதில்லை.

அப்பா கம்பியை இறக்கினார். நின்றது. சிவப்புக் கோடு வாய்க்கு மேலே ஒரு கை அகலம் தெரிந்தது.

நான் இருந்த இடத்திலிருந்து கோடு தெரியவில்லை. ஆனால் சுருட்டை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டதும், மேடம் கீழே எட்டி அத்தையைப் பார்த்ததும் தெரிந்தது. அத்தை தொட்டியின் இரும்புச் சுவரில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். என் கையில் இருந்த கைக்குட்டை பிழிந்து பிழிந்து கயிறாகிவிட்டது.

அப்பா கம்பியை விடவில்லை. பிடித்தபடியே முகத்தைச் சுளித்தாராம். இத்தனை காலம் சேற்றில் மண்வெட்டியைக் குத்திய கை அது. ஏதோ சரியில்லை என்று அதற்குப் பட்டிருக்கிறது. மெதுவாக அழுத்தினார். கம்பி இறங்கியது. இன்னும் அழுத்தினார், இன்னும் இறங்கியது. சிவப்புக் கோடு வாய்க்குள்ளே போயே போய்விட்டது.

“என்ன பண்றீங்க? அழுத்தக் கூடாது” என்றார் மேடம்.

“அழுத்தலை மேடம். அது வழி விடுது.”

கம்பியை மளமளவென்று மேலே இழுத்தார். பழைய சேறாக இருந்தால் தகட்டில் தார் மாதிரி அப்பிக்கொண்டு வரும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அப்பா தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சாய்த்தார். சேறு சரசரவென்று சரிந்து தொட்டிக்குள்ளேயே விழுந்தது. தகடு பளிச்சென்று இருந்தது.

“இதுல மண்வெட்டி நிக்காது மேடம்” என்றார். “இது அள்ளற சேறு இல்ல, ஓடற சேறு. நான் உள்ள போய் நின்னா என் காலைத் தாண்டி ஓடும். வெளியிலிருந்து ஓஸை வச்சுத் தண்ணி அடிங்க, தானா வந்துடும்.”

“கோடு மேல நின்னுச்சே?”

“கோட்டுக்கு என்ன தெரியும்? அது இறுகின சேத்துக்குப் போட்ட கோடு.”

மேடம் தானே ஒருமுறை கம்பியை இறக்கிப் பார்த்தார். தகட்டைத் தானும் சாய்த்துப் பார்த்தார். பிறகு தொட்டியை வடித்து, பக்க மூடியைக் கழற்றி, வெளியே நின்றபடியே தண்ணீர் அடிக்கச் சொன்னார். அளவு கூடித்தான் இருந்தது. ஆனால் பல காலமாக இறுகிக் கிடந்த சேறு முழுக்க இளகிப்போய்ப் பொங்கினதால்தான் கூடியிருந்தது. அடித்த தண்ணீரோடு அது கறுப்பு ஆறு மாதிரி வெளியே வந்து குழியில் விழுந்ததை நான் மாடியிலிருந்தே பார்த்தேன். யாரும் உள்ளே போகவில்லை. அப்பா வெளியே, ஒரு பூட்ஸும் ஒரு செருப்புமாக, ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டோரில் அவர் அளவுக்குப் பூட்ஸ் இல்லையாம்.

அத்தை தம்பியின் பக்கத்தில் போய் நின்றாள். ஏதோ சொன்னாள். அப்பா ஓஸை லேசாக அவள் பக்கம் திருப்பினார். அவள் துள்ளி ஓடினாள். அந்த வயதில் அந்த உருவம் அப்படித் துள்ளும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என்ன சொன்னாள் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள். “மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டியே, இனி அதை வச்சு முதுகு சொறிஞ்சுக்கோ” என்றாளாம்.

சாயங்காலம் அப்பா கோபமாக வந்தார்.

“நாள் பூரா ஓஸ் பிடிச்சேன். பூச்செடிக்குத் தண்ணி ஊத்தறவன் மாதிரி. கூட்டத்துல எவனும் என்னை இனிமே மண்வெட்டின்னு கூப்பிட மாட்டான்.”

“ஓஸ்னு கூப்பிடட்டும்” என்றேன்.

“உன்னைக் குளிச்சுட்டு வந்து கவனிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய், கதவைச் சாத்தி, விசிலடிக்க ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் விசிலடித்து நான் கேட்கவில்லை.

அத்தை வந்து என் படுக்கையில் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் மருந்து வாசனை, சேலையின் ஓரம் ஈரம்.

“பூட்ஸ் எங்க?”

“எனக்கு எப்படித் தெரியும்? எலி இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்.”

“எலிக்கு எதுக்குடி பூட்ஸ்?”

“கால் குளிரும்ல.”

அவள் சிரிக்காமல் அப்படியே பின்னால் சாய்ந்து என் தலையணையில் முழங்கையை ஊன்றினாள். தலையணை இடித்தது. உறைக்குள் கையை விட்டு பூட்ஸை வெளியே எடுத்தாள். நான் அதற்குள் என் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டேன்.

“சும்மா விளையாட்டுக்குத்தான் ஒளிச்சு வச்சேன். அப்பா ஒத்தைக் கால்ல போறதைப் பார்க்கணும்னு.”

“விளையாட்டுக்குன்னா நீ அடுத்த வீட்டுக் கூரை மேல வீசியிருப்பே. இல்லன்னா அதுக்குள்ள தவளையை விட்டிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? தலைக்கு அடியில வச்சுக்கிட்டா படுப்பே?”

“தலையணை தட்டையா இருந்துச்சு அத்தை.”

அத்தை பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். குளியலறையில் விசில் ஒரு சுருதி தப்பி, மறுபடி சரியானது.

“கழுத்து வலிக்குதா?”

“எனக்கு எதுக்கு வலிக்கப் போகுது?” என்று சொல்லும்போதே என் கை கழுத்துக்குப் போய்விட்டது.